குழாய்க் குழிக்குள் இரண்டு கம்பிகள்

தையல் வகுப்பில் சேரத்தான் போனேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடம், கீழே பாத்திரக்கடை, மேலே நீளமான ஹால். பெண்களுக்கு இலவசப் பயிற்சி என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். மகன் மதுரையில் காலேஜ் விடுதிக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர், காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். பகலெல்லாம் வீட்டில் நானும் சுவரும்தான். திருச்சுழி ரோட்டில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போய் மாடி ஏறினால், தையலுக்கு இடம் முடிந்துவிட்டது என்றார்கள்.

மேசையில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எலெக்ட்ரானிக்ஸ்ல இடம் இருக்குக்கா. எல்இடி பல்பு சேர்க்கிறது, சின்னச் சின்ன சர்க்யூட்டு போடுறது. சேர்ந்துக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

தெருவில் எல்லோரிடமும் டவுனுக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய் நிற்க வெட்கமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் எந்த யோசனையும் எனக்கு இல்லை.

கரண்டைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம் மட்டுமே. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக்கூடாது. செருப்புப் போடாமல் துணி தேய்க்கக்கூடாது. மழைக்காலத்தில் வாசல் விளக்கைக் மரக்கரண்டிக் காம்பால்தான் போடுவேன். பிளக்கில் பொறி பறந்தால் இரண்டடி பின்னால் குதித்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன். சுவருக்குள் ஏதோ ஒன்று படுத்திருக்கிறது, அதைத் தொந்தரவு செய்யாமல் நம் வேலையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் எங்கள் எல்லோரையும்விட இளையவள். விருதுநகரிலிருந்து தினமும் வந்து போனாள். டிப்ளமோ படித்தவள். நாங்கள் அவளை டீச்சர் என்போம், அவள் எங்களை அக்கா என்பாள். முதல் நாள் அவள் எதையும் எழுதிப் போடவில்லை. மஞ்சள் நிறத்தில் கைக்கு அடக்கமான ஒரு மீட்டரை என் முன்னால் வைத்தாள். அதிலிருந்து சிவப்பாக ஒரு வயரும் கறுப்பாக ஒரு வயரும் நீண்டு வந்து, நுனியில் ஊசிபோல இருந்தன.

"ரெண்டு முனையையும் ரெண்டு கையால பிடிங்கக்கா."

"கரண்டு அடிக்காதா டீச்சர்?"

"உள்ள இருக்கிறது சின்ன பேட்டரிதான். பயப்படாமப் பிடிங்க."

கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தால் மீட்டரின் முகத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. லட்சக்கணக்கில் ஏதோ ஒரு எண், ஒரு இடத்தில் நிற்காமல் கூடுவதும் குறைவதுமாக இருந்தது.

"இது என்ன நம்பரு?"

"உங்க உடம்பு கரண்டை எவ்வளவு தடுக்குதுன்னு சொல்லுது. இப்ப விரலை லேசா நனைச்சுட்டுப் பிடிங்க."

தண்ணீர் பாட்டிலின் வாயில் விரலை வைத்து நனைத்துக்கொண்டு மறுபடி பிடித்தேன். எண் சரசரவென்று இறங்கியது. நான் அழுத்திப் பிடித்தால் இன்னும் இறங்கியது. பிடியைத் தளர்த்தினால் ஏறியது. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று எத்தனை முறை கேட்டிருப்பேன், எத்தனை முறை என் மகனிடம் சொல்லியிருப்பேன். அது ஏன் என்று அன்றைக்குத்தான் என் கண்ணால் பார்த்தேன். நாற்பது வருடங்களுக்கு மேலாக இந்த உடம்போடு இருக்கிறேன், இதற்குள் இப்படி ஒரு எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மீட்டரை அடுத்தவளிடம் கொடுக்க மனமே வரவில்லை.

அந்த அடுத்தவள் வீரசோழனிலிருந்து வந்தவள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்த முகமாக இருந்தாள். பஸ்ஸை விட்டுவிட்டு ஓடி வந்ததில் கையெல்லாம் வேர்த்திருந்தது. அவள் பிடித்தபோது எண் என்னுடையதைவிட வெகுவாகக் கீழே இருந்தது.

"எனக்குத் தடுப்புச் சக்தி இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள். ஹாலே சிரித்தது. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவளும் நானும் சேர்ந்து உட்கார்ந்தோம்.

"நீ ஏன் தங்கச்சி இதுல சேர்ந்த? ஒனக்கும் தையல் கெடைக்கலையா?"

"இல்லக்கா, நான் இதுக்குன்னுதான் வந்தேன். எங்க வீட்டுக்காரவுக சவுதியில ஏசி ரிப்பேரு பாக்குறாக. போன் பேசுனா, இன்னைக்குப் போர்டு போச்சு, கெப்பாசிட்டரு போச்சும்பாக. நானும் அப்படியான்னுவேன். என்ன போச்சு, ஏன் போச்சு, ஒண்ணும் வெளங்காது. அவுக நாள் முழுக்க எதோட கெடக்காகன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

வகுப்புக்கு வர இப்படியும் ஒரு காரணம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வோல்ட்டேஜ் பாடம் வந்த அன்று டீச்சர் போர்டில் ஒரு மேல்நிலைத் தொட்டியை வரைந்தாள். அதிலிருந்து பைப் இறங்கி ஒரு வீட்டுக்கு வந்தது.

"டேங்க்கு நிறையத் தண்ணி இருக்குன்னு வச்சுக்கோங்க."

"அது எந்த ஊருல டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, தொட்டி இருக்கும் உயரம் வோல்ட்டேஜ், பைப்பில் ஓடுகிற தண்ணீர் கரண்ட், பைப் குறுகலாக இருந்தால் அது ரெசிஸ்டன்ஸ் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் இடித்தது.

"டீச்சர், எங்க தெருவுல குழாய் தரைக்கு மேல இருந்தா சொட்டுத் தண்ணி ஏறாது. ஆள் இறங்குற அளவுக்குக் குழி வெட்டி, அதுக்குள்ள குழாயை இறக்கி வச்சிருக்கோம். டேங்க்கு அதே உயரத்துலதான் நிக்குது. நாங்க கீழ போனதும் தண்ணி வருது. அப்ப வோல்ட்டேஜ் எங்க இருக்கு? டேங்க்குலயா, குழியிலயா?"

டீச்சர் பேனாவை மறுபடி திறந்தாள். பைப் வந்து சேரும் வீட்டு வாசலில் ஒரு குழியை வரைந்தாள்.

"ரெண்டுலயும் இல்லக்கா. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்துல இருக்கு. இடம் ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு வோல்ட்டேஜ்னு சொல்லவே முடியாது. இனிமே எந்த பேட்ச்சு வந்தாலும் குழியையும் சேர்த்துத்தான் வரைவேன்."

உடனே சோதித்துப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஒன்பது வோல்ட் பேட்டரியின் ஒரு முனையில் மட்டும் ஒரு ஊசியை வைத்தேன். மீட்டர் சும்மா இருந்தது. இன்னொரு முனையில் இன்னொரு ஊசியையும் வைத்ததும் ஒன்பது என்று காட்டியது. ஒரு முனை மட்டும் என்றால் அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது இருக்கிறது.

அன்றைக்கு ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல் காடு. ரோட்டோரக் கம்பங்களில் ஓடிய கம்பியில் கரிச்சான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அத்தனை கரண்ட் ஓடும் கம்பியில் அவை எப்படிச் சுகமாக உட்கார்ந்திருக்கின்றன என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. குருவியின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. இரண்டு காலுக்கும் நடுவில் வித்தியாசம் இல்லை. அதனால் அதன் வழியாகப் போக கரண்டுக்கு ஒரு காரணமும் இல்லை. இது புரிந்ததும் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொல்லலாமா என்று திரும்பினேன். அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்தடுத்த வாரங்களில் பாகங்கள் ஒவ்வொன்றாக எங்கள் கைக்கு வந்தன. துளை துளையாக இருக்கும் வெள்ளைப் பலகை ஒன்று கொடுத்தார்கள். பாகங்களின் கால்களை அந்தத் துளைகளில் செருகினால் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அதற்குப் பெயர் பிரெட்போர்டு என்றதும் வீரசோழன்காரி, "பிரெட்டு எங்க டீச்சர், டீ மட்டும்தான் குடுத்தீக" என்றாள். வண்ணக் கோடுகள் போட்ட ரெசிஸ்டர்கள் அரிசி மணிக்குக் கால் முளைத்ததுபோல இருந்தன. ரெசிஸ்டர் வைக்காமல் எல்இடியை நேராக பேட்டரியில் சேர்த்தால் என்ன ஆகும் என்று நான் கேட்க, "ஒண்ணு போனாப் பரவாயில்ல, செஞ்சு பாருங்க" என்றாள் டீச்சர். பட்டென்று ஒரு பொறி, கருகிய வாடை, விளக்கு செத்துவிட்டது. அடுத்ததற்கு முன்னால் ரெசிஸ்டரை வைத்தேன். அமைதியாக எரிந்தது. தடுப்பது என்றால் கெடுப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சின்ன விளக்கு உயிரோடு இருப்பதே தன் முன்னால் ஒன்று தடுத்துக்கொண்டு நிற்பதால்தான்.

கெப்பாசிட்டர் பாடத்துக்காக வீரசோழன்காரி காத்துக்கொண்டே இருந்தாள். சின்ன டின்போல இருந்த அதை விளக்கோடு சேர்த்துப் போட்டோம். பேட்டரியைக் கழற்றச் சொன்னாள் டீச்சர். கழற்றினோம். விளக்கு அணையவில்லை. பேட்டரி என் கையில் இருக்கிறது, விளக்கு பலகையில் எரிந்துகொண்டிருக்கிறது. பிறகு மெதுவாக, வெளிச்சம் வடிந்து வடிந்து, எப்போது அணைந்தது என்று சொல்ல முடியாதபடி அணைந்தது. மறுபடி மறுபடி செய்து பார்த்தோம்.

வீரசோழன்காரி விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அவுக லீவு முடிஞ்சு ஏர்போர்ட்டுக்குப் போனதுக்கு அப்புறம் வீடு இப்படித்தான்க்கா இருக்கும். உடனே இருட்டாது."

மறுநாள் அவள் வந்தபோது முகமே வேறாக இருந்தது. அந்தச் சர்க்யூட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய், வீடியோ காலில் கணவரிடம் காட்டியிருக்கிறாள்.

"பேட்டரியைக் கழட்டி அவுகளுக்குக் காட்டுனேன். லைட்டு எரியுறதைப் பாத்துட்டு அவுக மூஞ்சியைப் போனுக்குக் கிட்ட கொண்டாந்தாகக்கா. அப்புறம் 'இந்தக் கெப்பாசிட்டரு ஏன் கெட்டுப்போகுதுன்னு தெரியுமா'ன்னு கேட்டாக. தெரியாதுன்னேன். போனைத் திருப்பி, அவுக வேலை பாக்குற மேசையைக் காட்டுனாக. கழட்டிப் போட்ட ஏசி போர்டு, அதுல வயிறு உப்பிப்போன கெப்பாசிட்டரு. வெயிலு சூட்டுல உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி அடைச்சுக்கிருமாம், அதான் வீங்குதாம். எம்புட்டு நேரம் பேசுனாகன்னே தெரியல. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவுக வேலை பாக்குற இடத்தை நான் பாத்ததே இல்லக்கா. நான் கேக்கல. அவுகளும் காட்டல."

டிரான்சிஸ்டர் என்ற பெயர் எனக்குப் பழைய ரேடியோவாக மட்டுமே தெரியும். டீச்சர் என் உள்ளங்கையில் வைத்தது மிளகு அளவுக்குக் கறுப்பாக, மூன்று கால்களோடு இருந்தது. நடுக்காலில் கொஞ்சூண்டு கரண்ட் போனால் போதும், மற்ற இரண்டு காலுக்கு நடுவில் நிறையப் போகும் என்றாள். நடுக்காலில் நின்றால், எல்லாம் நின்றுவிடும். கேட்டபோது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் இரண்டு டிரான்சிஸ்டர்களையும் ஒரு விளக்கையும் சேர்த்து ஒரு சர்க்யூட் போட்டாள். அதிலிருந்து இரண்டு வயர்களை வெளியே நீட்டிவிட்டு, எங்களை எல்லாம் எழுந்து வட்டமாக நிற்கச் சொன்னாள்.

"கையைக் கோர்த்துக்கோங்க. அந்த ஓரத்துல நிக்கிறவங்க ஒரு வயரைப் பிடிங்க, இந்த ஓரத்துல நிக்கிறவங்க இன்னொண்ணை."

வேறு வேறு ஊரிலிருந்து, வேறு வேறு தெருவிலிருந்து வந்தவர்கள் நாங்கள். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாலும் பெரும்பாலானவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டதில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கையைக் கொடுத்தார்கள். வட்டத்தில் எங்கோ ஒரு இடத்தில் இரண்டு பேர் விரல் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றார்கள் போல. விளக்கு எரியவில்லை. "நல்லாப் பிடிங்கக்கா" என்றாள் டீச்சர். இறுக்கிப் பிடித்தார்கள். மேசையில் இருந்த விளக்கு சிவப்பாக எரிந்தது.

ஹாலில் ஓ என்று ஒரு சத்தம். ஒருத்தி முக்காட்டையோ முந்தானையோ சரிசெய்யக் கையை எடுத்தாள். விளக்கு அணைந்தது. "ஏய், யாரு கையை விட்டது?" என்று நாலு பேர் கத்தினார்கள். மறுபடி கோர்த்தோம், எரிந்தது. என் இடது கையில் வீரசோழன்காரியின் கை, வலது கையில் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டுக்கொள்ளாத மல்லாங்கிணறுக்காரி ஒருத்தியின் கை. எங்கள் எல்லோர் உடம்பு வழியாகவும் ஏதோ போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஒரு கூச்சம்கூட இல்லை. அவ்வளவு சின்னது. ஆனால் அந்தச் சின்னதுதான் விளக்கைப் பார்த்து எரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. டீச்சர் போதும் என்ற பிறகும் யாரும் கையை எடுக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது.

எங்கள் ஊரில் தண்ணீர் வருகிற நாள் தெரியும், நேரம் தெரியாது. காலையிலும் வரும், உச்சி வெயிலிலும் வரும். வந்தால் கொஞ்ச நேரம்தான். அன்றைக்கு வீட்டில் ஒருத்தி கட்டாயம் இருந்தாக வேண்டும், குழாயில் காற்று உஸ்ஸென்று சீறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும். பக்கத்து வீட்டு மதினி தன் அண்ணன் பேரனின் காதுகுத்துக்கே போகவில்லை. அது தண்ணீர் நாளாக அமைந்துவிட்டது. நானும் மதினியும் இன்னும் இரண்டு வீட்டாரும் ஒரே குழிக் குழாயில்தான் பிடிக்கிறோம்.

மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். "மனுசக் கை வழியாப் போறதே போதும்னா, தண்ணி வழியாப் போறது போதாதா?"

"தாராளமாப் போதும்க்கா. கட்டிப் பாருங்க" என்றாள். பாகங்களை மட்டும் எடுத்துக்கொடுத்தாள்.

வீட்டில் சமையல் மேடையில் வைத்துக் கட்டினேன். விளக்குக்குப் பதிலாகக் கீ என்று கத்தும் சின்ன பஸ்ஸர். முதலில் கத்தவே இல்லை. பிரித்துப் போட்டுப் பார்த்தால் டிரான்சிஸ்டரைத் திருப்பிச் செருகியிருந்தேன். பிறகு பேட்டரியின் வயர் விட்டுப்போனது. பிறகு சோற்றைக் குழையவிட்டேன். கடைசியாக ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு கம்பியையும் நனைத்தபோது, அது கத்தியது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எச்சில் கையோடு எழுந்து ஓடி வந்தார். "என்னது, கேஸு லீக்கா?"

"இல்லங்க. தண்ணி."

அவருக்குப் புரியவில்லை. கம்பியை எடுத்தேன், நின்றது. நனைத்தேன், கத்தியது. கையைக் கழுவிவிட்டு வந்து அவரே நனைத்துப் பார்த்தார். எடுத்துப் பார்த்தார். ஒரு கம்பியை மட்டும் நனைத்துப் பார்த்தார். பத்து வயதுப் பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது அவர் முகம்.

"இதை நீயா செஞ்ச?"

"நான்தான்."

"தண்ணி வந்தா அதுவே கூப்பிடுமா?"

"கூப்பிடும்."

ஞாயிற்றுக்கிழமை அவரே வயர் வாங்கி வந்து, எங்கள் வாசலிலிருந்து குழி வரைக்கும் சுவரோரமாக ஆணி அடித்து இழுத்துக் கொடுத்தார். நான் குழிக்குள் இறங்கி, ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியில் இரண்டு செம்புக் கம்பிகளை ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, குழாய் வாய்க்கு நேர் கீழே கட்டினேன். மதினி மேலே நின்று, "கரண்டை எதுக்குத் தண்ணிக்குள்ள விடுறீக? கொடம் வைக்கப் போற எங்களைக் கொல்லவா?" என்று கேட்டார். பேட்டரியைக் காட்டினேன். வயரைப் பிடித்து, ஒன்றும் செய்யாது என்று காட்டினேன். அவருக்குப் பாதிதான் நம்பிக்கை.

தண்ணீர் நாள் வந்தது. நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வழக்கமாக அவ்வளவு தூரம் போக மாட்டேன். திடீரென்று வாசலில் கீ என்று சத்தம். அதைவிடப் பெரிதாக மதினியின் சத்தம்: "ஏ மதினி, ஒங்க பூச்சி கத்துது!"

ஓடினேன். மதினி குடங்களோடு எனக்கு முன்னால் நின்றிருந்தார். நான் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். குழாயிலிருந்து ஒரு நூல்போலத் தண்ணீர் இறங்கி, மூடியில் விழுந்து, இரண்டு கம்பியையும் நனைத்துக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த நூல் வழியாக, என் கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குத் தாண்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் அந்த மூன்றுகால் மிளகு அதைக் கேட்டுவிட்டுக் கத்துகிறது.

"என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீக? கொடத்தை வைங்க!" என்று மதினி மேலிருந்து அதட்டினார். தண்ணீர் கொட்டத் தொடங்கியிருந்தது.

அதன் பிறகு எங்கள் நாலு வீட்டிலும் அதற்குப் பூச்சி என்றே பெயர் ஆகிவிட்டது. மதினி முதல்முறையாகத் தண்ணீர் நாளில் பகலில் தூங்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் கழித்து மூடியைக் கழுவ எடுத்தபோது ஒன்று கவனித்தேன். இரண்டும் ஒரே வயரிலிருந்து வெட்டி எடுத்த செம்புக் கம்பிகள். ஒன்று பச்சை பூத்துப் பாதி தேய்ந்திருந்தது. இன்னொன்று அப்படியே இருந்தது. டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பேட்டரியோட பிளஸ் பக்கம் இருந்தது எதுங்கக்கா?"

பச்சை பூத்ததுதான் பிளஸ் பக்கம். கரண்டுக்குத் திசை உண்டு, அது ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருப்பதால் ஒரு கம்பியில் இருந்து செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது என்றாள். பிளஸ், மைனஸ் எல்லாம் யாரோ வசதிக்காகப் போட்ட குறிகள் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் குழிக்குள் யாருமே பார்க்காத நேரத்திலும் அது வழி தவறாமல் ஒரே பக்கமாகப் போயிருக்கிறது.

பிறகு அந்த மழை நாள். பல நாட்களாக மேகம் கூடுவதும் கலைவதுமாக ஏமாற்றிக்கொண்டிருந்ததால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தோம். சாயங்காலம், விளக்கேற்றும் நேரத்துக்கு முன்னால், பூச்சி கத்தியது. அன்றைக்குத் தண்ணீர் நாள் இல்லை. இருந்தாலும் மதினி குடத்தோடு வந்துவிட்டார், மற்ற வீட்டாரும் வந்துவிட்டார்கள். நான் குழிக்குள் இறங்கினேன். மூடியில் ஈரம் இருந்தது. குழாயின் வாயைத் தடவிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது.

"தண்ணி வருதா இல்லையா?"

"வரல மதினி. ஆனா ஈரமா இருக்கு."

ஏதோ கோளாறு என்று நினைத்து வயரைப் பிடித்துப் பார்த்தேன். குனிந்திருந்த என் பிடரியில் சுளீரென்று ஒரு சொட்டு விழுந்தது. முதுகில் இன்னொன்று. நிமிர்ந்தேன். மேலே குழியைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நிமிடம் கொட்டியது. காய்ந்து வெடித்துக் கிடந்த கரிசல் மண்ணின் வாடை குழிக்குள் இறங்கி வந்தது.

"அடியாத்தி, இது மழையவும் சொல்லுதே" என்றார் மதினி.

குடங்களைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டு ஓட்டுத் தண்ணீர் விழும் இடத்துக்கு ஓடினார்கள். நான் நனைந்துகொண்டே வாசலில் நின்றேன். குழாய்த் தண்ணீரோ மேகத்துத் தண்ணீரோ, அந்தக் கம்பிகளுக்கு எல்லாம் ஒன்றுதான். வண்டியை நிறுத்திவிட்டு வந்த வீட்டுக்காரர், "அதை ஆஃப் பண்ணு, காது போகுது" என்றார். "கொஞ்சம் கத்தட்டுங்க" என்றேன். அவரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

வகுப்பின் கடைசி நாளில் நான் டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அந்த மூன்றுகால் மிளகுக்குள் என்னதான் இருக்கிறது? அவள், சிலிக்கான் என்றாள். அது எங்கே கிடைக்கும் என்றேன். "மணல்லக்கா. சாதாரண மணல்ல இருந்துதான் பிரிச்சு, சுத்தம் பண்ணி எடுக்கிறாங்க" என்றாள். வீரசோழன்காரி நம்பவில்லை. "சும்மா சொல்லாதீக டீச்சர்" என்றாள். டீச்சர் போனில் படம் காட்டினாள். அதற்குப் பிறகும் எங்களுக்கு நம்பப் பிடிக்கவில்லை.

வீரசோழன்காரியின் கணவர் லீவில் வந்தபோது என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். திருச்சுழி வழியாகப் பஸ் போனது. குண்டாற்றுப் பாலத்தில் ஏறியபோது நான் எட்டிப் பார்த்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. இரண்டு கரைக்கும் நடுவில் மணல், அங்கங்கே சீமைக் கருவேலம் மண்டிய திட்டுகள், ஆடு போன தடம். எத்தனையோ முறை அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன், காய்ந்த ஆறு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு வெயிலில் அது கண்ணைக் கூசவைத்தது. விளக்கும் போனும் கணக்குப்போடும் மெஷினும் ஆகக்கூடிய அத்தனையும், ஒன்றும் தெரியாததுபோல, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் சும்மா கிடந்தது. பஸ் பாலத்தைத் தாண்டும்வரை நான் ஜன்னல் கம்பியை விடவில்லை.